மஞ்சப்பாறையில் ஒரு நீலப்புள்ளி

ரோசிலி தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் வருகைப் பதிவை அழுத்தினாள். போன் அவள் முகத்தைப் படம் பிடித்தது. பச்சை வளையம் ஒன்று சுற்றியது. பிறகு சிவப்பு எழுத்தில் வந்தது: 'நீங்கள் பணியிடத்தில் இல்லை.'

"பின்ன இது யாரு, என் பிரேதமா?" என்று போனைக் கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே வாத்துக்காரன் ஒருவன் சிறுவள்ளத்தில் நின்றபடி தன் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனான். வாய்க்கால் தண்ணீர் படிக்கட்டில் மோதிற்று. அவள் நர்ஸாக இருக்கும் ஆலந்துருத்துத் துணைச் சுகாதார நிலையம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் வரைபடத்தைத் தொட்டுப் பார்த்தால் நீலப்புள்ளி இடுக்கி மலைமேல், மஞ்சப்பாறையில் நின்றது. அவள் முன்பு வேலை பார்த்த ஊர். பஸ்ஸில் போனால் பாதிப் பகல் பிடிக்கும்.

தினமும் இப்படி ஆனால்கூட ஒரு நியாயம் இருக்கும். சில நாள் சரியாக வரும். சில நாள் மலைக்குப் போய்விடும். நேற்று சரி, இன்று தப்பு. அதே போன், அதே நாற்காலி, அதே முகம்.

"இச்சாயா, இங்க வாங்க. நான் எங்க இருக்கேன்னு சொல்லுங்க."

பின்பக்கக் குவார்ட்டர்ஸிலிருந்து அவள் புருஷன் பேபிச்சன் கையில் கத்தியோடு வந்தான். கரிமீனுக்குச் செதில் எடுக்க இன்னும் அவனுக்குப் பழக்கம் வரவில்லை. முழங்கைவரை செதில் ஒட்டியிருந்தது.

"காலங்காத்தால தத்துவம் பேசாதடி. நாற்காலில இருக்கே."

"கவர்மென்ட் அப்படிச் சொல்லல."

போனை வாங்கிப் பார்த்தான். சிரிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. செதில் ஒட்டிய விரலால் படத்தைப் பெரிதாக்கினான். மேலிருந்து எடுத்த படம். பச்சைத் தேயிலைச் சரிவு, வளைந்து போகும் மண்சாலை, தகரக் கூரை.

"பாரு, நம்ம கூரை. இந்த நிழல் என்ன தெரியுதா? பலாமரம். ஜீப் நிக்கிற இடம்கூட தெரியுது."

"ஜீப்பை வித்தாச்சு."

"படத்துல நிக்குது."

ஓணம் கழிந்ததும் இடமாற்ற உத்தரவு வந்து இவர்கள் கீழே இறங்கினார்கள். மஞ்சப்பாறையில் பேபிச்சன் ஜீப் ஓட்டினான். ஏலக்காய் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவ வலி வந்த பெண்கள், கல்யாண வீட்டு அண்டா, எல்லாம் அவன் ஜீப்பில்தான் ஏறி இறங்கின. ஆலந்துருத்து ஒரு தீவு, சாலையே கிடையாது. கடைக்கும் வள்ளம், பள்ளிக்கும் வள்ளம், சவப்பெட்டிக்கும் வள்ளம். ஜீப்காரன் இங்கே என்ன செய்வான்? சமைக்கப் பழகினான்.

எங்கள் துருத்தில் எல்லோரும் அவனிடம் அன்பாகத்தான் இருந்தோம். ஆனால் சாயங்காலம் படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து அவன் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்காமல் இல்லை. இங்கிருந்து மலை தெரியாது. வயலும் வானமும்தான் தெரியும்.

மெமோ துலா மாதத்து, அதாவது ஐப்பசியின், முதல் இடிமழையோடு வந்தது. தபால்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வள்ளத்திலிருந்து இறங்கினார். பல நாட்கள் பணியிடத்துக்கு வெளியே, அதுவும் பழைய பணியிடத்திலிருந்தே வருகை பதிய முயன்றிருக்கிறார். பொய்யான இடத்தைக் காட்டும் செயலி எதையோ பயன்படுத்துகிறார் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஏன் தற்காலிகப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று விளக்கம் தரவும். இதுதான் சாரம்.

ரோசிலி அதை இரண்டு முறை படித்துவிட்டுப் பேபிச்சனைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. என் போனை எடுத்துட்டுப் போய் அந்த மத்தாயி மொபைல் கடைல ஏதாவது ஏத்தினீங்களா?"

"நானா?"

"மலைக்குத் திரும்பிப் போகணும்னு தினமும் புலம்புறது நீங்கதானே. சிஸ்டர் இங்க இல்லன்னு தெரிஞ்சா மாத்திருவாங்கன்னு நெனச்சிருப்பீங்க."

பேபிச்சன் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்படி ஒரு புத்தி இருந்தா நான் ஏன்டி ஜீப் ஓட்டினேன்? மந்திரி ஆகியிருப்பேன்."

அவள் அன்று சாப்பிடவில்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பெங்களூரில் படிக்கிற மகளுக்கு என்ன சொல்வது? அதைவிட, அம்மையூசி போட அவள் மடியில் பிள்ளையை வைக்கிற தாய்மார்களிடம் என்ன சொல்வது? கள்ளி என்று பெயர் வாங்கிய பிறகு ஊசிக்கு யார் கையை நீட்டுவார்கள்?

மறுநாள் தாசப்பன் சார் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். சார் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் பாடசேகரத்தின், அதாவது எல்லோர் வயலும் சேர்ந்த ஒரே பெரிய வளைப்பின், செயலாளர். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது அவருக்கு வெற்றிலை போடுவது மாதிரி. பஞ்சாயத்தில் ஒரு விளக்கு எரியாவிட்டால், அந்த விளக்கை வாங்கிய ஆணையிலிருந்து அதை மாட்டியவன் ஏறிய ஏணிவரை கேட்பார்.

மெமோவைப் படித்ததும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியதை ரோசிலி கருவியிலேயே பார்த்தாள்.

"சிஸ்டரே, இவங்க உங்களைத் திருடின்னு சொல்றதுக்கு ஆதாரம் என்ன?"

"கம்ப்யூட்டர்ல இருக்காம் சாரே."

"கம்ப்யூட்டர்ல இருக்குன்னா அது அலுவலக ஆவணம். ஆவணம்னா பிரதி உண்டு. கேட்டா கொடுக்கணும். பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கடுதாசி, அவ்வளவுதான்."

"எதுக்குக் கேக்கறேன்னு எழுதணுமா?"

"அய்யோ, அதைமட்டும் எழுதிடாதீங்க! காரணம் கேக்க அவங்களுக்கு உரிமை கிடையாது. காரணம் சொன்னீங்கன்னா அதுக்கு மேல உக்காந்து முட்டை இடுவாங்க." பேனாவைத் திறந்தார். "இன்ன தேதிலருந்து நீங்க பதில் தர்ற தேதி வரைக்கும் என் பேர்ல பதிவான எல்லா இடமும் நேரமும். 'எல்லா'ன்னு போடுங்க. அதுக்குக் கீழ ஒரு கோடு."

"சாரே, கோபப்படுவாங்களே?"

"படட்டும். மெமோக்காரங்களுக்குத் தனியா ஒரு பதில் போடுவோம். ஆதாரத்தைக் கேட்டிருக்கேன், வந்ததும் விளக்கம் தர்றேன்னு. மரியாதையா எழுதலாம். மரியாதையா எழுதினாத்தான் அவங்களுக்கு ரொம்ப எரியும்."

பேபிச்சன் பால் விடாத கட்டன் காப்பியும் வேகவைத்த கப்பைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தான். காந்தாரி மிளகாயை அரைத்து எண்ணெய் விட்டிருந்தான்.

"கப்பை மாவு மாதிரி இருக்கே பேபிச்சா. எங்க வாங்கினே?"

"டவுன்ல சாரே. ஆனா இது கப்பையே இல்ல. மஞ்சப்பாறைல ஒரு கப்பை இருக்கு. வெளில மஞ்சு எறங்கியிருக்கும், அடுப்புப் பக்கம் உக்காந்து பிட்டு வாயில போட்டா..."

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் ரோசிலி.

பதிவுகள் வருவதற்குள் எங்கள் வயலில் பம்பு வேலை தொடங்கிவிட்டது. எங்கள் நிலம் சுற்றியுள்ள தண்ணீரைவிடத் தாழ்ந்தது. வரப்பு ஒரு கிண்ணத்தின் விளிம்பு என்றால் வயல் அந்தக் கிண்ணத்தின் அடி. விதைக்கும் முன் கிண்ணத்தில் நிற்கிற தண்ணீரை எல்லாம் மோட்டார் வைத்து வாய்க்காலுக்கு இறைத்து ஏற்ற வேண்டும். இரவும் பகலும் ஓடும் அந்த மோட்டாரின் உறுமல் நின்றால் தூங்குகிறவர்களும் விழித்துக்கொள்வார்கள். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். கசிவுத் தண்ணீர் உள்ளே ஏறும். இறைத்தது வீண்.

அந்த வருஷம் காலை நேரத்தில் மின்சாரம் அடிக்கடி போயிற்று. தாசப்பன் சார் விடுவாரா? மின்தடை நேரங்களின் பதிவைக் கேட்டு அதற்கும் ஒரு மனுப் போட்டிருந்தார்.

இரண்டு அலுவலகங்களின் உறைகளும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. ரோசிலியின் உறை தடிமனாக இருந்தது. நிலையத்துப் பெஞ்சில் பரப்பினார்கள். பக்கம் பக்கமாகத் தேதி, நேரம், இட எண்கள், பக்கத்தில் ஊர்ப் பெயர்.

படிக்கப் படிக்க ரோசிலியின் முகம் மாறிற்று.

"இது என்ன சாரே? நான் காலைலயும் சாயங்காலமும் மட்டும்தானே அழுத்துறேன். இதுல ராத்திரி எல்லாம் இருக்கே. இதோ ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசைல இருந்தப்ப. இது எங்க அம்மாச்சி வீட்டுக்குப் போன அன்னிக்கு, படகுல."

"அழுத்தாதப்பவும் எழுதியிருக்கு."

"யாரைக் கேட்டு?"

"செயலியைப் போட்டப்ப 'எப்போதும் அனுமதி'ன்னு ஒண்ணு கேட்டிருக்கும்."

"கேட்டுச்சு. குடுக்காட்டி திறக்கமாட்டேன்னுச்சு."

"கழுத்துல கத்தி வச்சிட்டு அனுமதி கேக்கறது" என்றார் சார். இன்னொரு தாளை எடுத்து அதற்கும் ஒரு மனு எழுதத் தொடங்கினார்: வேலை நேரத்துக்குப் பிறகு ஒரு பணியாளர் இருக்கும் இடத்தை எந்த ஆணையின்படி பதிகிறீர்கள்?

பேபிச்சன் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ராத்திரி வரிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு போனான். மஞ்சப்பாறை. மஞ்சப்பாறை. மஞ்சப்பாறை.

"எடி, இதைப் பாத்தியா? ராத்திரி பூரா நாம அங்கதான் தூங்கியிருக்கோம்."

ரோசிலி திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. பதினோரு வருஷம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அவளும்தான் இருந்தாள். மழைக்காலத்தில் கூரைச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. சைகையால் சண்டை போடுவார்கள். விடிகாலையில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்திலிருந்து சூடான வாசனை சரிவு இறங்கி வரும். மகளுக்கு முதல் பல் விழுந்ததும் அந்தக் கூரைமேல்தான் எறிந்தார்கள்.

"கம்பளி போத்திட்டுத் தூங்கியிருப்போம்" என்றாள். "இங்க வேர்த்து ஒழுகுது."

தாசப்பன் சார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "புருஷன் பெண்டாட்டி மலைல இருந்து எறங்கி வாங்க. ஒரு சங்கதி இருக்கு."

அவர் தன் மின்தடைப் பதிவை ரோசிலியின் தாள்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அப்படி வைக்க வேண்டும் என்று திட்டமிட்டு ஒன்றும் வைக்கவில்லை. பெஞ்சில் வேறு இடம் இல்லை.

"துலாம் ஒன்பது, காலைல கரண்ட் இல்ல. பம்பு நின்னுச்சு, நான் கத்திக்கிட்டே போனேன், ஞாபகம் இருக்கா? அன்னிக்கு சிஸ்டர் எங்க?"

"ஆலந்துருத்து."

"மறுநாள் கரண்ட் இருந்துச்சு."

"மஞ்சப்பாறை."

இன்னொரு மின்தடை நாளைச் சொன்னார். ஆலந்துருத்து. இடிவிழுந்து ராத்திரி முழுக்க இருட்டாகக் கிடந்த அன்றைக்கு? அந்த ராத்திரி முழுக்க ஆலந்துருத்து.

மூவரும் மீதிப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே வீடு வீடாகப் போகும்போது எப்போதும் சரியாக இருந்தது. கட்டடத்துக்குள் இருக்கும்போது, அதுவும் மின்சாரம் இருக்கும்போது மட்டும், ரோசிலி மலைக்குப் போய்விடுகிறாள்.

"கரண்ட்ல ஓடுற ஏதோ ஒண்ணு உங்களைத் தூக்கிட்டுப் போகுது" என்றார் சார்.

"பிசாசா?"

"பிசாசுக்கு எதுக்கு சிஸ்டரே கரண்ட்? வீட்டுல என்னென்ன ஓடுது?"

பேபிச்சன் ஏற்கனவே எழுந்து பின்பக்கம் போய்விட்டான். "நான் ஒவ்வொண்ணாப் புடுங்கறேன். நீ புள்ளியைப் பாத்துச் சொல்லு!"

பிரிட்ஜைப் பிடுங்கினான். "எங்க இருக்கே?"

"மஞ்சப்பாறை!"

மிக்சி. மஞ்சப்பாறை. மின்விசிறி. மஞ்சப்பாறை, வேர்க்குது, திரும்பப் போடுங்க. டிவி. மஞ்சப்பாறை. ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். படகுத்துறையில் இறங்கி ஊசிக்கு வந்த இரண்டு பெண்கள் இந்த ஏலத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கடைசியாக, அடுக்களை அலமாரிமேல் இரண்டு கொம்போடு உட்கார்ந்திருந்த வைஃபை பெட்டியைப் பிடுங்கினான்.

ரோசிலி பார்த்துக்கொண்டே இருந்தாள். புள்ளி அசையவில்லை. பிறகு அதைச் சுற்றி ஒரு பெரிய வெளிர்நீல வட்டம் விரிந்தது. வட்டம் ஒரே தாவலாக மலையை விட்டுக் காயலின் மேல் வந்து விழுந்தது. மெல்லச் சுருங்கி, வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே நின்றது.

"வந்துட்டேன்!" என்று கத்தினாள். "இச்சாயா, நான் வந்துட்டேன்!"

விஷயம் இதுதான். போன் தன் இடத்தைப் பல வழியில் தெரிந்துகொள்கிறது. வானம் தெரிந்தால் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்கும். அதுதான் நம்பத் தகுந்தது. கான்கிரீட் கூரைக்குக் கீழே அந்தக் குரல் சரியாகக் கேட்காது. அப்போது அக்கம்பக்கத்தில் எந்த வைஃபை பெட்டி பேசுகிறது என்று காது கொடுக்கும். ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். இன்ன பெயருள்ள பெட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்று எங்கோ ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. அதைத் தயாரித்ததும் நம் போன்கள்தான். பெட்டிக்குப் பக்கமாகப் போகிற போன் ஒவ்வொன்றும் 'இங்கே பார்த்தேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறது.

மஞ்சப்பாறைச் சரிவில் போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் ரோசிலி அந்தப் பெட்டியை வாங்கினாள். நிலையத்துக்கு வந்த தோட்டத் தொழிலாளர் எல்லோரும் வரிசையில் நின்றபடி அதன் தயவில்தான் வெளியூர்ப் பிள்ளைகளோடு பேசினார்கள். அத்தனை போன்களும் வருஷக்கணக்காக ஒரே சாட்சியைச் சொல்லின: இந்தப் பெட்டி மஞ்சப்பாறையில் இருக்கிறது. இடமாற்றத்தில் அதைக் கம்பளியில் சுற்றி எடுத்து வந்தார்கள். ஆலந்துருத்திலோ சுற்றிலும் தண்ணீர். வருகிறவர்களும் சிலர். அவர்களிலும் பாதிப்பேர் கையில் பட்டன் போன். இடம் மாறிவிட்டது என்று அந்த அட்டவணைக்குச் சொல்ல இங்கே போதிய சாட்சி இல்லை. பக்கத்தில் பொய் என்று மறுக்க வேறொரு பெட்டியும் இல்லை. கேபிள்காரன் ஷிஜுவும் போனில் இதையே சொன்னான். அவன் சொன்னது ஒரே வாக்கியம்: "சேச்சி, உங்க பெட்டி இன்னும் மலையிறங்கல."

மேற்பார்வையாளர் லீலாமணி மேடம் விசாரணைக்கு நேரில் வந்தார். படகில் தலைசுற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டே இறங்கினார். கோபமாக வந்தவருக்குப் பேபிச்சன் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தான்.

"ரோசிலி, பெட்டி கிட்டின்னு கதை எழுதியிருக்கே. இதை நான் மேல எப்படிச் சொல்றது?"

"கதை இல்ல மேடம். நீங்களும் வந்த இடத்துல பதிவு போடணும்தானே? போடுங்களேன்."

மேடம் போனை எடுத்து முகத்தைக் காட்டினார். வளையம் சுற்றியது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது?"

"மேடம் எங்க இருக்கீங்க?" என்று தாசப்பன் சார் பெஞ்சிலிருந்து மிக மரியாதையாகக் கேட்டார்.

"மஞ்சப்பாறைன்னு காட்டுது! நான் உங்க வைஃபைல சேரவே இல்லையே?"

"சேர வேண்டாம் மேடம். காதுல விழுந்தாலே போதும்."

"நல்ல எடம் மேடம்" என்றான் பேபிச்சன். "குளிரும். சால்வை இருக்கா?"

மேடம் அவனை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். அவர் கண் முன்னாலேயே பேபிச்சன் பெட்டியைப் பிடுங்கினான். புள்ளி இறங்கி வந்தது. திரும்பப் போட்டான். கூரைக்குக் கீழே கொஞ்ச நேரத்தில் மீண்டும் ஏறிற்று. மேடமே இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சரி, மெமோ விஷயத்தை நான் பேசறேன். ஆனா பதில்ல, இனிமே என்ன செய்யப்போறேன்னு தெளிவா எழுது. அவங்களுக்குக் காரணம் வேண்டாம், ஏற்பாடு வேணும்."

"புதுப்பெட்டி வாங்கிடறோம் மேடம்" என்றாள் ரோசிலி.

"வேண்டாம்" என்றான் பேபிச்சன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் பெட்டியைக் கையில் வைத்திருந்தான். கழற்றிய கம்பி தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை நேரத்துல இது அணைஞ்சிருக்கட்டும். அதுக்கப்புறம் நாம எங்க தூங்கறோம்னு அவங்களுக்கு எதுக்கு? சாரு கேட்டதுக்கு அவங்ககிட்ட பதில் இருக்கா?"

"இன்னும் வரல" என்றார் தாசப்பன் சார். "வராது."

"அப்ப ராத்திரி நாங்க அங்கயே இருந்துக்கறோம்."

லீலாமணி மேடம் ரோசிலியைப் பார்த்தார். ரோசிலி புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தாள்.

"நான் வெளிய நிக்கிறேன்" என்று மேடம் படகுத்துறைக்கு நடந்தார். "அஞ்சு மணிக்கு அப்புறம் நடக்கறது எனக்குத் தெரியாது, சொல்லிட்டேன்."

ரோசிலி எழுதிக் கொடுத்த ஏற்பாடு இன்றும் நிலையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. காலையில் வைஃபை பெட்டியை அணைக்க வேண்டும். படகுத்துறைக்கு வந்து, தலைக்குமேல் வானம் தெரிய நிற்க வேண்டும். புள்ளி ஆலந்துருத்துக்கு வரும்வரை பொறுத்து, பிறகு வருகையை அழுத்த வேண்டும். மாலையில் புறப்பாட்டையும் அப்படியே அழுத்த வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு பெட்டியைப் போட்டுக்கொள்ளலாம்.